டிக் செய்து திருப்பி அனுப்பவும்

பொம்மை சாருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் குடியிருக்கிறது. மற்றபடி எங்கள் நீர் ஆய்வு நிலையத்தில் வாசல் காவலரிலிருந்து இயக்குநர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் பொம்மை சார்தான். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்று தெரிய வேண்டியவர்கள் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து எங்களிடம் கொடுப்பார்கள். மாடியில் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் சோதிப்பார்கள். கீழே வெளியீட்டுப் பிரிவில் நாங்கள் இரண்டு பேரும் அதை அறிக்கையாக்கி அனுப்புவோம். அவர் பக்கம் அமைப்பார், நான் பிழை பார்ப்பேன். பதினோரு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து மேஜை.

அவர் வரைந்த ஒரு பால் புட்டிப் படத்தால் அவர் தங்கை குழந்தையின் உயிருக்கே ஆபத்து வந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். படம் மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். மிக நல்ல படம். அச்சுக்கு முன்னால் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவளே நான்தான். படத்தில் ஒற்றுப்பிழை எதுவும் இல்லாததால் எனக்கும் பரம திருப்தி.

மனிதர் சாது. ஐம்பதை நெருங்கும் வயது, மடிப்புக் கலையாத சட்டை, பையில் மூன்று பென்சில். பள்ளிக்கூடத்தில் ஓவியப் போட்டியில் பரிசு வாங்கியவராம். அந்தக் கையை அட்டவணைக்குக் கோடு போடும் வேலையில் கொண்டுவந்து உட்கார்த்தியாயிற்று. அதனால் கிடைத்த இடத்திலெல்லாம் ஏதாவது பொம்மை வரைந்து ஆசையைத் தீர்த்துக்கொள்வார்; பெயரும் அப்படி வந்ததுதான். ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போனபோது சமையலறை டப்பாக்களில் குட்டிக் குட்டிப் படங்கள் ஒட்டியிருந்தன. சர்க்கரைக்கு ஒரு கனசதுரம், உப்புக்குக் கொஞ்சம் சின்னக் கனசதுரம். தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி ஒவ்வொரு படத்துக்கும் கீழே கறுப்பு மார்க்கரால் உப்பு, சர்க்கரை என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

"இவர் ஒட்டின மறுநாள் டீயில உப்பு. அன்னிக்கே எழுதிட்டேன்" என்றார்.

எங்கள் நிலையத்துக்கு அந்த அம்மாவை இயக்குநராகப் போட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. போட்டது வேறொருவரை. அவர் பதவிக்கு வந்த மூன்றாம் மாதம் அறிவியல் இணையதளங்களைப் பற்றிய மாநாடு ஒன்றுக்குப் போனார். போனவர் வெறுங்கையோடு வரவில்லை, ஒரு ஞானத்தோடு வந்தார். எங்களை எல்லாம் அறைக்குக் கூப்பிட்டு அந்த ஞானத்தை இறக்கி வைத்தார்.

"இப்ப உலகத்துல யாரும் படிக்கறதில்ல, பார்க்கறாங்க. நல்ல நல்ல ஆராய்ச்சி நிலையம் எல்லாம் ஐகானுக்கு மாறிட்டாங்க. நம்ம அறிக்கையைப் பாருங்க. எழுத்து, எழுத்து, ஒரே எழுத்து!"

எழுத்துதான் என் பிழைப்பு என்பதால் நான் தலையைக் குனிந்துகொண்டேன். பொம்மை சார் தலை நிமிர்ந்தார். நிலையத்துக்கென்று சொந்தமாக ஒரு ஐகான் ஃபாண்ட் செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐகான் ஃபாண்ட் என்றால் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் படத்தை உட்கார வைத்த எழுத்துரு. படம்தான் என்றாலும் கம்ப்யூட்டர் அதை எழுத்து என்றே நம்பும். எழுத்தைப் போலவே பெரிதாக்கலாம், நிறம் மாற்றலாம், வரிக்கு நடுவில் சொருகலாம். எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறடிக்காது. ஒரே ஒரு நிபந்தனை. பார்க்கிறவருடைய மெஷினுக்கும் அந்த ஃபாண்ட் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் ஒன்று வந்து நிற்கும். மாநாட்டில் இதைச் சொன்ன நேரத்தில் எங்கள் இயக்குநர் சாப்பிடப் போயிருப்பார் போல.

ஆறு மாதத்தில் நூற்று எண்பத்தாறு படங்கள். குடுவை, நுண்ணோக்கி, குழாய், மீன், இலை, எலும்புக்கூட்டுத் தலை. தண்ணீர்த் துளி மட்டும் பதினான்கு விதம். மனிதருக்கு வாழ்வு வந்துவிட்டது. கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொன்றையும் என் பக்கம் திருப்பிக் காட்டுவார்.

"மேடம், இந்தத் துளி கொஞ்சம் சோகமா தெரியுதா?"

"அழுக்குத் தண்ணி சார் அது. சந்தோஷமாவா இருக்கும்?" என்பேன். அதையும் மரியாதையாகக் குறித்துக்கொள்வார்.

பால் புட்டி வந்தது அவருடைய தங்கை வீட்டிலிருந்து. தங்கை தையல்காரர். வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின், சுவர் முழுக்கத் தொங்கும் பாதி தைத்த துணிகள், பின்னால் ஒரு கிணறு. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பையன். அந்தப் பையன் பிறந்த நாளிலிருந்து பொம்மை சாருக்கு வேறு பேச்சே கிடையாது. கொட்டாவி விட்டதைக்கூட வந்து சொல்வார். பையனுக்காக வாங்கி வைத்திருந்த புட்டிகளில் ஒன்றை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்து, ஒரு வாரம் ஸ்கேல் வைத்து அளந்து வரைந்தார். புட்டியின் குறுக்கே ஒரு சாய்கோடு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால் கரைத்துக் கொடுக்காதீர்கள் என்று அர்த்தம்.

இந்தப் புட்டிக்குப் பின்னால் இருப்பது விளையாட்டுச் சமாசாரம் இல்லை. தண்ணீரில் நைட்ரேட் அதிகம் இருந்தால் பெரியவர்களுக்குச் சட்டென்று ஒன்றும் ஆகாது. கைக்குழந்தைக்கோ ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய் உடம்பு நீலம் பூத்துவிடும். கவனிக்காவிட்டால் உயிரே போகும். கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். இதை முன்பெல்லாம் அறிக்கையின் அடியில் இரண்டு வரியில் எழுதி வந்தோம். நான் வருஷக்கணக்காகப் பிழை பார்த்துப் பார்த்துத் தேய்ந்துபோன வரிகள். இயக்குநர் அந்த இரண்டு வரியையும் சிவப்பு மையால் அடித்தார். எது எது எவ்வளவு வரை இருக்கலாம் என்று சொல்லும் பத்தியையும் சேர்த்து அடித்தார்.

"புட்டி இருக்கே! இதுக்கு மேல என்னய்யா சொல்லணும்?"

மிஞ்சியது அறிக்கையில் ஒரு சின்ன அட்டவணை. நைட்ரேட், உப்பு, கிருமி என்று எண்கள். அதற்குக் கீழே குடிக்க, சமைக்க, பாசனம், கைக்குழந்தை என்று நான்கு தலைப்பு, ஒவ்வொன்றின் கீழும் ஒரு படம். அலுவலக மெஷின்கள் எல்லாவற்றிலும் ஃபாண்ட் ஏற்றியிருந்தது. திரையில் பார்த்தாலும் அழகு, எங்கள் அச்சுப்பொறியில் எடுத்தாலும் அழகு. இணையதளத்திலோ கேட்கவே வேண்டாம், தளமே ஃபாண்டைக் கூடவே எடுத்துக் கொடுத்துவிடும்.

சிக்கல் மின்னஞ்சலில் வந்தது. நூற்று எண்பத்தாறு படங்களையும் சுமந்த ஃபாண்டைக் கோப்புக்குள் வைத்து அனுப்பியதில் அறிக்கை கனத்துப்போய், பாதி அஞ்சல்கள் திரும்பி வந்தன. கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் போன் செய்து, எடையைக் குறைங்க என்றார். பொம்மை சார் அமைப்புகளைத் திறந்து பார்த்தார். 'எழுத்துருவைக் கோப்பில் சேர்' என்று ஒரு கட்டம், அதில் ஒரு டிக். அந்த டிக்கை எடுத்தார். கோப்பு மெலிந்தது. திறந்து பார்த்தார், படங்களெல்லாம் அப்படியே இருந்தன. இருக்காமல் எங்கே போகும், அவர் மெஷினில்தான் ஃபாண்ட் இருக்கிறதே. என்னிடம் ஒரு பிரதி வந்தது, கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து வெளியே போன ஒவ்வொரு அறிக்கையிலும் நான்கு தலைப்பின் கீழும் நான்கு வெற்றுக் கட்டங்கள். எங்களுக்கு மட்டும் அது தெரியாது.

ஜனங்கள் ஏன் கேட்கவில்லை என்று நினைப்பீர்கள். ஜனங்களை அப்படிப் பழக்கி வைத்திருந்தோம். எங்கள் நிலையத்தில் தண்ணீர் கொடுக்க ஒரு படிவம், பாட்டிலைத் திரும்ப வாங்க ஒரு படிவம். எல்லாவற்றிலும் கட்டம். சொந்தக் கிணறா வாடகைக் கிணறா, மூடி உண்டா இல்லையா. ஒவ்வொன்றின் அடியிலும் 'டிக் செய்து திருப்பி அனுப்பவும். பூர்த்தி செய்யப்படாத படிவம் நிராகரிக்கப்படும்' என்று அச்சடித்திருக்கும். சும்மா பயமுறுத்தவில்லை, நிஜமாகவே நிராகரித்தோம். ஒரு கட்டம் காலியாக இருந்தால் மழையானாலும் வெயிலானாலும் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவோம். இருபது வருஷம் இப்படி நடத்தினால், எங்களிடமிருந்து கட்டம் போட்ட தாள் வந்தவுடன் மனிதர்கள் பேனாவைத்தான் தேடுவார்கள். தேடினார்கள். மின்னஞ்சலில் வந்ததை அச்செடுத்து டிக் போட்டார்கள், தபாலில் திருப்பியும் அனுப்பினார்கள்.

தங்கை இதில் எப்படி மாட்டினார் என்றால், அவர் ரொம்ப ஜாக்கிரதைக்காரர். துணி வெட்டுவதற்கு முன்னால் மூன்று தடவை அளப்பவர். தாய்ப்பால் போதாமல் பையனுக்குப் புட்டிப்பால் தொடங்க வேண்டிய நிலை வந்தபோது, கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து ரிப்போர்ட் வரும்வரை கடையில் வாங்கிய தண்ணீரில்தான் பால் கரைத்தார். அண்ணன் வேலை செய்யும் இடத்திலேயே பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ரிப்போர்ட் வந்தா எனக்குப் புரியுமா அண்ணா?" என்று அன்றைக்கு எங்கள் மேஜை முன்னால் நின்றுகொண்டே கேட்டார்.

"பார்த்தாலே புரியும்மா. யாரையும் கேக்கவே வேண்டாம்" என்றார் பொம்மை சார். எப்பேர்ப்பட்ட பெருமை அந்த முகத்தில்! நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

இதற்குப் பிறகு மூன்று வாரம் ஓடியது. ஒரு திங்கட்கிழமை காலை இயக்குநர் படியிறங்கி எங்கள் அறைக்கே வந்துவிட்டார். கையில் தடிமனான ஒரு கட்டு. தபால் பிரிவில் வந்து குவிந்த அறிக்கைகளை எண்ணச் சொல்லியிருக்கிறார்.

"எழுபத்தெட்டு சதவீதம்! நாம கேக்கவே இல்ல, ஜனங்க தானா அறிக்கையில டிக் போட்டுத் திருப்பி அனுப்பறாங்க. ஐகான் வந்ததும் மக்கள் பங்கேற்பு எப்படி ஏறிடுச்சு பாருங்க. மதியம் கூட்டத்துல வரைபடம் காட்டணும். பங்கேற்புக்கு ஒரு ஐகான் போடுங்க. ரெண்டு கை குலுக்கற மாதிரி."

கட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். எதில் டிக் போட்டிருக்கிறார்கள் என்று அவர் பார்க்கவில்லை. எத்தனை என்றுதான் பார்த்திருந்தார். பொம்மை சார் நூற்று எண்பத்தேழாவது படத்துக்குத் தாளை எடுத்தார். நான் வேடிக்கைக்காகக் கட்டைப் பிரித்தேன்.

வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒருவர் நான்கு கட்டத்திலும் அடித்துப்பிடித்து டிக் போட்டிருந்தார், எதற்கு வம்பு என்று. ஒருவர் பாசனத்தின் கீழ் 'எலுமிச்சை, இரண்டு செடி' என்று எழுதியிருந்தார். வாடகைக்கு இருக்கும் ஒருவர் 'வீட்டுக்காரரைக் கேட்கவும்' என்று எழுதியிருந்தார். கைக்குழந்தை என்பதன் கீழ் ஒரு பெரியவர் 'இல்லை. இனிமேலும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"இங்க பாருங்க சார், உங்க அறிக்கையைப் படிவம்னு நினைச்சுட்டாங்க."

பொம்மை சார் ஒரு தாளை வாங்கினார். பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என் புட்டி எங்க மேடம்?"

அப்போதும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் கையோ வேகமாகக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தது. ஒன்றிலும் படம் இல்லை. துளி இல்லை, குழாய் இல்லை, புட்டி இல்லை, எல்லாமே கட்டம். கட்டின் நடுவில் ஒரு தாளில் கை நின்றுவிட்டது. அதில் டிக் போட்டிருந்தது நீலநிறத் தையல் பென்சிலால். கைக்குழந்தை என்பதன் கீழே, கட்டத்துக்குப் பக்கத்தில், அளவு எழுதுகிற மாதிரி ஒழுங்கான சின்ன எழுத்தில் இப்படி இருந்தது: 'ஒன்று. ஆண். மூன்று மாதம் பத்து நாள்.' மேலே நைட்ரேட்டுக்கு நேராக 118 என்று அச்சாகியிருந்தது. ஐம்பதைத் தாண்டினாலே புட்டிக்குக் குறுக்கே கோடு விழ வேண்டும்.

அவர் போனை எடுத்தார். அவசரத்தில் ஒலிபெருக்கியும் சேர்ந்து அழுந்திவிட்டது. தையல் மெஷின் ஓடும் சத்தம் முதலில் கேட்டது, பிறகு அது நின்றது.

"என்ன அண்ணா, ஆபீஸ் நேரத்துல?"

"பையனுக்குப் பால் எந்தத் தண்ணியில கரைக்கறே?"

"நம்ம கிணத்துத் தண்ணிதான். உங்க ரிப்போர்ட் வந்துச்சே. பத்து நாளா அதுதான்."

"நிறுத்து. இப்பவே நிறுத்து."

"ஏன் பதறறே? ரெண்டு தடவை கொதிக்க வச்சுத்தான் கொடுக்கறேன். பாத்திரம் பாதியா வத்தற வரைக்கும் விடறேன்."

பொம்மை சார் கண்ணை மூடிக்கொண்டார். "பையன் எப்படி இருக்கான்?"

"ரெண்டு நாளா அழுகையே இல்ல. சமத்தா தூங்கிட்டே இருக்கான். உதடுதான் கொஞ்சம் கறுத்தாப்பல இருக்கு. காத்து ஒத்துக்கலையோ என்னவோ."

"எழுந்திரு. தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. எதையும் பூட்ட வேண்டாம், போ. நான் வந்துட்டே இருக்கேன்."

நானும் கிளம்பினேன். தங்கையின் தாளைக் கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டேன். படிக்கட்டின் கீழே இயக்குநர் எதிரே வந்தார்.

"கை ரெடியா?"

"சார், படம் எதுவும் வெளியே போகல. ஜனங்களுக்கு வெறும் கட்டம்தான் போயிருக்கு" என்றார் பொம்மை சார்.

"போகலன்னா? என் மெஷின்ல நல்லாத்தானே வருது."

வாசலில் காவலர் வெளியே போகும் சீட்டை நீட்டினார். அதில் இரண்டு கட்டம்: அலுவலக வேலை, சொந்த வேலை. பொம்மை சார் பேனாவைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அந்தப் பேனாவைப் பிடுங்கி அலுவலக வேலையில் டிக் போட்டேன். பதினோரு வருஷத்தில் நான் உண்மையாகப் பூர்த்தி செய்த படிவம் அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரிக்குள் நாங்கள் நுழைந்தபோது பையன் ஒரு பெரிய கட்டிலின் நடுவில் கிடந்தான். அவ்வளவு சின்ன உடம்புக்கு அவ்வளவு பெரிய கட்டில். உதடும் நகமும் சாம்பல் கலந்த நீலம். டாக்டர் ஓர் இளம்பெண். ஊசியில் எடுத்த ரத்தத்தை வெளிச்சத்தில் காட்டினார். சிவப்பாக இல்லை, பழுப்பாக இருந்தது. நான் கைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன். 118-ஐப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இவ்வளவு இருக்கே! குழந்தைக்குக் கொடுக்கக் கூடாதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"இந்தத் தாள்ல அப்படி எதுவும் இல்லையேம்மா" என்றார் தங்கை. "குழந்தை இருக்கான்னு மட்டும்தான் கேட்டிருந்தாங்க."

டாக்டர் ஒரு மருந்தை நரம்பில் ஏற்றினார். அந்த மருந்தும் கருநீலம். நீலம் பூத்த குழந்தைக்கு நீல மருந்தா என்று டாக்டரையே கேட்டுவிட்டேன். அதுதான் மருந்தாம். உட்கார்ந்திருந்தோம். பொம்மை சார் பையனின் காலைப் பிடித்தபடியே இருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து உதட்டின் ஓரத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. பிறகு கன்னத்தில். பிறகு கட்டிடமே அதிர்கிற மாதிரி ஓர் அழுகை. இரண்டு நாள் பாக்கி அழுகையையும் சேர்த்து அழுதான். நான் வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்று அழுதேன்.

திரும்பி உள்ளே போனபோது தங்கை அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. விளக்கம் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"குழந்தை இருக்குன்னு டிக் போட்டேன். ஆணா பொண்ணான்னு எழுதினேன். எத்தனை மாசம், எத்தனை நாள்னு வரைக்கும் எழுதினேன். அதே தாள்ல அந்த நம்பரும் இருக்கு. இவ்வளவும் உங்க ஆபீசுக்கு வந்து சேர்ந்திருக்கு. யாருமே படிக்கலையா அண்ணா?"

பொம்மை சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எண்ணினோம்" என்றார்.

"என்னது?"

"படிக்கலம்மா. எண்ணிட்டிருந்தோம்."

மறுநாள் காலையில் அவர் யாரையும் கேட்கவில்லை. மாடியிலிருந்து பட்டியலை வாங்கி, இதுவரை அனுப்பிய முந்நூற்று நாற்பது அறிக்கைகளில் புட்டிக்குக் குறுக்கே கோடு விழுந்திருக்க வேண்டியவற்றைப் பிரித்தார். தங்கையுடையது போக இருபத்திரண்டு. என் மேஜை போனிலும் அவர் மேஜை போனிலுமாக மாறி மாறிக் கூப்பிட்டோம். மூன்று வீட்டில் கைக்குழந்தை இருந்தது. இரண்டில் தாய்ப்பால் மட்டும். மூன்றாவது வீட்டில் அன்றைக்குத்தான் புட்டி தொடங்குவதாக இருந்தார்கள். ஒரு வீட்டில் போனை எடுக்கவே இல்லை. பொம்மை சார் இரண்டு பஸ் மாறி நேரில் போய்க் கதவைத் தட்டினார். திறந்தவர் 'இனிமேலும் இல்லை' என்று எழுதிய அந்தப் பெரியவர்தான். மனிதர் காதில் கருவி இல்லாமல் போனை எடுக்க மாட்டாராம்.

அன்று மாலையே அவர் அறிக்கையை மாற்றினார். படங்கள் நான்கையும் எடுத்துவிட்டு வார்த்தை போட்டார். நைட்ரேட் ஐம்பதைத் தாண்டிய அறிக்கைகளில் கைக்குழந்தை என்பதன் கீழே, 'இந்தத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். கொதிக்க வைத்தாலும் கொடுக்காதீர்கள்' என்று இரண்டு வரி. எழுத்து பட்டையாக இருந்தது. என்னிடம் நீட்டினார். ஒரு பிழையும் இல்லை. எட்டுத் தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

நிலையமும் சும்மா இருக்கவில்லை. இயக்குநர் கூட்டம் போட்டு ஆழமாக ஆராய்ந்தார். ஒப்புதல் இல்லாமல் அறிக்கையில் வார்த்தைகள் சேர்த்ததற்குப் பொம்மை சாருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம், அதைத் தடுக்காததற்கு எனக்கு ஒன்று. பொதுமக்களுக்கு ஒரு சுற்றறிக்கை: தங்கள் அறிக்கையில் கட்டங்கள் தெரிந்தால் எங்கள் தளத்திலிருந்து எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும். கண்ணைக் கவரட்டும் என்று அந்த வரியின் முன்னால் ஓர் எச்சரிக்கை ஐகான் போடச் சொன்னார். மின்னஞ்சலில் போனது. எல்லோருக்கும் அந்த இடத்தில் ஒரு கட்டம் போய்ச் சேர்ந்திருக்கும். சிலர் டிக்கும் போட்டிருப்பார்கள். எழுபத்தெட்டு சதவீத வரைபடம் மட்டும் கூட்ட அறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அதில் கை குலுக்கும் படம் இல்லை, அந்தப் படத்தைப் பொம்மை சார் வரையவே இல்லை.

மேஜைமேல் இருந்த புட்டியைக் கழுவித் துடைத்துத் தங்கையிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். பையனுக்கு இப்போது கடைத் தண்ணீர்தான், நன்றாக இருக்கிறான். கொட்டாவிக் கதைகள் மறுபடி தொடங்கிவிட்டன. நானும் இப்போது முழுசாகக் கேட்கிறேன்.

விளக்கம் கேட்ட கடிதங்கள் ஒரு பக்கம் கிடக்க, புதிய வடிவத்தில் எல்லா அறிக்கைகளையும் மறுபடி அனுப்பினோம். தங்கைக்கும் ஒன்று போனது. அதில் எங்கும் கட்டம் கிடையாது, திருப்பி அனுப்ப ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஒரு வாரத்தில் திரும்பி வந்தது, உறையின்மேல் 'இயக்குநர்' என்று எழுதி. தபால் பிரிவில் பிரித்து எங்களிடம் தள்ளிவிட்டார்கள். தாளின் அடியில் தையல் ஸ்கேல் வைத்து, நீலப் பென்சிலால், நான்கு பக்கமும் கச்சிதமாக ஒரு கட்டம் வரைந்திருந்தார். அதற்குப் பக்கத்தில் 'மேலே உள்ளதை நீங்கள் படித்தீர்களா?' என்று ஒரு வரி. அதற்குக் கீழே: 'டிக் செய்து திருப்பி அனுப்பவும். பூர்த்தி செய்யப்படாத படிவம் நிராகரிக்கப்படும்.'

பொம்மை சார் அதை இரண்டு முறை படித்தார். என்னிடம் கொடுத்தார். நான் அதை மாடிக்கு எடுத்துப் போய் இயக்குநர் மேஜைத் தட்டில், எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தேன்.

நான்காம் நாள் இறங்கி வந்தது. ஓரத்தில் அவருடைய சுருக்கொப்பமும் ஒரு குறிப்பும் இருந்தன: 'மக்கள் பங்கேற்புக் கோப்பில் சேர்க்கவும்.' கட்டம் காலியாகவே இருந்தது.

எங்கள் நிலையத்தில் இதற்கு ஒரு ரப்பர் முத்திரை உண்டு, இருபது வருஷமாகப் பயன்பாட்டில் இருக்கிறது. தபால் பிரிவில் போய் அதை வாங்கி வந்தேன். பொம்மை சார் மைப் பெட்டியைத் திறந்து பிடித்தார். 'நிராகரிக்கப்பட்டது' என்று காலிக் கட்டத்துக்குப் பக்கத்தில் அழுத்திக் குத்தி, மறுபடி மாடிக்கே அனுப்பி வைத்தேன்.